ஏழு தட்டுச் சீர்

செங்கோட்டையனுக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. நாற்பத்தொரு வயதிலும் கல்லைத் தின்றால் செரிக்கும். வயிற்றெரிச்சல் மட்டும் உண்டு. காலையில் எட்டு மணிக்குக் கம்பெனியைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சன்னல் வழியாக எதிர்க் கம்பெனியைப் பார்த்ததும் அது ஆரம்பிக்கும். சாயங்காலம் கதவைப் பூட்டும் வரைக்கும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்காது, ஏனென்றால் அன்றைக்கு எதிர்க் கம்பெனிக்கு லீவு.

எதிர்க் கம்பெனி வேலுமணியுடையது. நடுவில் இருந்த சந்தில் ஒரு மாட்டு வண்டி வந்தால் சைக்கிள்காரன் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். இரண்டு பேரும் பனியன் கம்பெனி போட்டது ஒரே வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, ஒரே ஆவணி மாசம். செங்கோட்டையன் பெருமாநல்லூர்ப் பக்கம் வெள்ளாமை செய்த காட்டுக்காரர். அப்பன் ஆத்தப்பன் தோண்டிய கிணறு ஐம்பத்திரண்டில் வற்றியபோது பண்ணயத்தை அண்ணனிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் தையல்காரராக உட்கார்ந்தவர். வேலுமணி தறிக்காரக் குடும்பம். வருஷம் தவறாமல் முருகனுக்குக் காவடி எடுக்கிறவர். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. அந்தக் குரலை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் எப்படிப் பதினாலு பேரைக் கட்டி மேய்க்கிறார் என்பது செங்கோட்டையனுக்கு எட்டு வருஷமாகப் பிடிபடாத விஷயம்.

தன்னிடம் இருபத்திநாலு பேர். கூலியும் இங்கேதான் ஒரு நூல் கூட. ஆனால் தீபாவளி முடிந்து கம்பெனி திறக்கிற நாளில் பார்த்தால் இங்கே ஐந்தாறு மிஷின் காலியாக இருக்கும். போனவர்கள் போன இடம் தெரியாது. எதிர்க் கம்பெனியில் அன்றைக்குக் காலை ஏழே முக்காலுக்கே பதினாலு சைக்கிளும் சுவரில் சாய்ந்து நிற்கும். எட்டு வருஷம், எட்டு தீபாவளி, அதே பதினாலு சைக்கிள். ஒன்றுக்குப் புது சீட்டுக்கூடப் போட்டிருந்தார்கள். இதைக்கூட அவர் கவனித்து வைத்திருந்தார் என்றால் மனுஷனின் அவஸ்தையைப் புரிந்துகொள்ளலாம்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தையல்காரராக இருந்த எட்டு வருஷமும் அவருக்கு மேலே இருந்தவர்கள் கத்தித்தான் பார்த்திருக்கிறார். முதலாளி என்றால் கத்துகிறவர் என்பதே அவர் கற்ற பாடம். நூல் அறுந்தால் கத்தினார், ஆள் தாமதமாக வந்தால் கத்தினார், சீக்கிரம் வந்தால் எதற்கு வந்தாய் என்றும் ஒரு தடவை கத்தியிருக்கிறார். கத்தாமலும் ஒரு கம்பெனி ஓடும் என்று யாரும் அவருக்குக் காட்டியதில்லை. காட்டிய ஒரே ஆள் வேலுமணி. அதற்காகவே அவரைப் பிடிக்கவில்லை.

பிடிக்காவிட்டாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாலு மணிக்கு வேலுமணி மிஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லாருக்கும் டீ கொடுத்தார். மறுவாரமே செங்கோட்டையனும் டீ கொடுத்தார், கூடவே ஆளுக்கொரு போண்டா. எச்சாகக் கொடுத்தால்தானே முதலாளி? ஆனால் மிஷினை நிறுத்த மனசு வரவில்லை. ஒரு கையில் போண்டாவும் மறு கையில் வெள்ளைத் துணியுமாகத் தைத்தார்கள். அன்றைக்கு மட்டும் மூன்று டஜன் பனியன் எண்ணெய்க் கறையோடு வந்தது. அதற்கும் கத்தினார்.

வேலுமணி ஒரு ரேடியோ வாங்கி நடுவில் வைத்தார். செங்கோட்டையன் அதைவிடப் பெரிய ரேடியோ வாங்கினார். வாங்கித் தன் ரூமுக்குள் வைத்து, தனக்குப் பிடித்த விவசாயச் செய்தியைச் சத்தமாக வைத்தார். தையல்காரர்கள் பருத்தியில் காய்ப்புழு பற்றி நன்றாகத் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு நாள் எதிர்ச் சன்னலில் பார்த்தால், தையல் கோணலாகப் போன கட்டு ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு வேலுமணியே பிரித்துக்கொண்டிருந்தார். தப்பாகத் தைத்தவனும் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தான். இரண்டு பேரும் என்னவோ பேசிக்கொண்டார்கள், என்னவென்று இங்கே கேட்கவில்லை. சரி, இதையும் செய்துவிடுவோம் என்று செங்கோட்டையன் மறுநாளே தன் தையல்காரன் ஆறுச்சாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா பிரித்தாரா? "பாத்துக்குங்க எல்லாரும்! மொதலாளி நானே பிரிக்கறேன்! எந்தக் கம்பெனியில பிரிப்பான்?" என்று ஒவ்வொரு பனியனுக்கும் ஒரு தடவை சொன்னார். ஆறுச்சாமி தலையைக் குனிந்தவன் சாயங்காலம் வரைக்கும் நிமிரவில்லை.

அவர் மனைவி குழந்தையம்மாள் மதியச் சோறு கொண்டுவரும்போதெல்லாம் அவர் முதுகைத்தான் பார்த்தாள். "ஏனுங்க, அந்தச் சன்னலுக்கே ஒரு தாலியக் கட்டியிருக்கலாமுங்க. நானாவது எங்கப்பனூட்டுலயே இருந்திருப்பேன்" என்றாள்.

"ஒரு மொதலாளி நாலு பக்கமும் பாக்கோணும்" என்றார் அவர்.

"நீங்க ஒரு பக்கந்தானுங்களே பாக்கறீங்க."

இப்படியே எட்டு வருஷம் ஓடி, அறுபத்தெட்டாம் வருஷம் தை மாசம் வந்தது. கல்கத்தா வியாபாரி ஒருவர் முதன்முதலாகப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். வெயில் காலம் தொடங்குமுன் சரக்கு போய்ச் சேர வேண்டும், மாசி பத்துக்குள் லாரி ஏற்ற வேண்டும். ஏற்றினால் வருஷா வருஷம் அவர் செங்கோட்டையனிடமே வாங்குவார். தவறினால் திருப்பூரில் கம்பெனிக்கா பஞ்சம்? அந்த ஆர்டரைத் தைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒன்பது பேர் நெருப்பெரிச்சலில் இருந்து வந்த ஒரே சொந்தக்காரக் கூட்டம். அதில் பெரிய கை ஆறுச்சாமி. அவனுடைய அக்கா மருதாளும் இங்கேதான், தைத்து வந்த பனியனில் பிசிறு வெட்டி மடித்து அடுக்குகிற வேலையில் இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை மருதாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு ரூமுக்குள் வந்தாள். "மொதலாளி, ஞாயித்துக்கெழம எங்கூர் கோயல்ல என்ற புள்ளைக்குக் காதுகுத்துங்க. நீங்களும் ஊட்டுல அக்காவும் வரோணுமுங்க" என்றாள். செங்கோட்டையன் தட்டைத் தொட்டு, "செரி, வர்றோம். அந்தக் கட்டு முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் போனாள். எல்லாம் ஒரு நிமிஷம்.

போனவள் தன் இடத்துக்குப் போகவில்லை. சந்தைத் தாண்டினாள். சன்னலில் நன்றாகத் தெரிந்தது. வேலுமணி எழுந்து நின்று தட்டை வாங்கினார். என்னவோ கேட்டார், அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். மறுபடியும் கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருஷமாகத் தன்னிடம் வேலை பார்க்கிறவள் சிரித்து செங்கோட்டையன் பார்த்ததே இல்லை. இவளுக்குப் பல் இப்படி வரிசையாக இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளுக்கு அங்கே என்ன ஒட்டு என்றும் அவருக்குத் தெரியும். போன வருஷம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஊரிலிருந்து ஆள் வந்தபோது, இவள் சந்தில் நின்று அழுதாள். வேலுமணி வெளியே வந்து தன் ஆள் ஒருவனைக் கூப்பிட்டு, சைக்கிளில் ஏற்றி அனுப்பி வைத்தார். அப்போதும் செங்கோட்டையன் இதே சன்னலில்தான் உட்கார்ந்திருந்தார். ஐயோ பாவம் என்று தோன்றுமுன், இந்த ஆள் எதற்கு என் ஆளை அனுப்புகிறான் என்றுதான் தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் கூசியது. கூசியதும் வேலுமணி மேல் கோபம் இன்னும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு கட்டினார். அனுப்பர்பாளையத்தில் சொல்லி ஏழு பித்தளைத் தாம்பாளம் புதிதாக வாங்கினார். பட்டுப் பாவாடை ஒரு தட்டு, வெள்ளிக் கொலுசு ஒரு தட்டு, ஊத்துக்குளி நெய் ஒரு தட்டு, பழம், தேங்காய், வெல்லம், சர்க்கரை என்று நிரப்பினார். பேண்டு வாத்தியத்துக்கும் ஒரு பிளஷர் காருக்கும் சொல்லிவிட்டார்.

குழந்தையம்மாள் தாம்பாளங்களை எண்ணிப் பார்த்தாள். "நீங்க என்ன தாய்மாமனுங்களா, ஏழு தட்டு கொண்டு போறதுக்கு? ஆறுச்சாமி எத்தன தட்டு வெக்கறானுங்க?"

"எத்தன வெச்சா என்ன?"

"ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"மொதலாளி போயி வேலக்காரங்கிட்ட உன்ற தட்டு எத்தனைன்னு கேக்கறதா? நல்லா இருக்குது!"

அவருக்கு முறை தெரியாமல் இல்லை. கொங்கு நாட்டில் பிறந்த எவனுக்கும் அது தெரியும். காதுகுத்துக்கு ராஜாவே வந்தாலும் அன்றைக்கு ராஜா தாய்மாமன்தான். மாமன் சீர் முன்னால் வர வேண்டும், மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும், மற்றவன் தட்டு மாமன் தட்டுக்கு ஒன்று குறைந்துதான் இருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த மனுஷன்தான். ஆனால் கண்ணை மூடினால் வேலுமணி எழுந்து நின்று தட்டு வாங்குவது தெரிந்தது, மருதாள் சிரிப்பது தெரிந்தது. முறை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலில் ஆறுச்சாமி ஊர்ச் சாவடியில் இருந்து சீரோடு புறப்பட்டு வந்துகொண்டிருந்தான். ஐந்து தட்டு. பாவாடை சட்டையை அவனே தைத்திருந்தான், கழுத்தில் பூ வேலை வைத்து. ஒரு ஜோடித் தோட்டுக்கு ஐந்து மாசம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருந்தான். அவன் பெண்டாட்டியும் பங்காளி வீட்டுப் பெண்களும் தட்டு ஏந்தி வர, முன்னால் ஒரே ஒரு மேளம். கோயில் வாசலுக்கு இன்னும் நூறடி இருக்கும்போது பின்னால் பேண்டு வாத்தியம் முழங்கியது. பிளஷர் கார் ஹாரன் அடித்து ஓரமாக விலகச் சொன்னது. அவர்கள் விலகினார்கள். ஏழு தாம்பாளமும் அவர்களைத் தாண்டி முன்னால் போயின.

பந்தலில் இருந்த கூட்டம் முழுக்க எழுந்து திரும்பிப் பார்த்தது. மைக் பிடித்தவன் பாவம், கண்ணில் பட்டதைச் சொன்னான். "பனியன் கம்பெனி மொதலாளி செங்கோட்டையன் அவர்கள் ஏழு தட்டுச் சீருடன் வருகை தந்துள்ளார்கள்!" செங்கோட்டையன் பந்தலின் கடைசி வரிசையில் தேடினார். வேலுமணி அங்கே இருந்தார், இரண்டு பெரியவர்களுக்கு நடுவில். இவரைப் பார்த்தார், வாசலில் வெயிலில் நிற்கிற ஆறுச்சாமியைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தோற்றுவிட்டான் என்று செங்கோட்டையனுக்கு உள்ளே தேன் சுரந்தது. எட்டு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை.

காது குத்துகிற ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு, "தாய்மாமன் எங்கீங்க? வந்து உக்காரச் சொல்லுங்க" என்றார்.

ஆறுச்சாமி உள்ளே வந்தான். ஐந்து தட்டையும் பந்தல் காலுக்குப் பக்கத்தில் தரையில் வைக்கச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. "மாமன்தான் மின்னாடியே வந்துட்டாருங்களே, ஏழு தட்டோட. அவரு மடியிலயே வெச்சுக் குத்துங்க" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்காவான மருதாள் பின்னாலேயே ஓடினாள். பங்காளிகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆசாரி ஊசியைப் பைக்குள் போட்டார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மாலை போட்டு உட்கார வைத்திருந்த நாலு வயசுப் பிள்ளை, எல்லாரும் ஏன் போகிறார்கள் என்று தெரியாமல் அழத் தொடங்கியது. பேண்டு வாத்தியக்காரர்கள் மட்டும் பேசிய நேரம் வரைக்கும் வாசித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் ஒன்பது பேர் வேலைக்கு வரவில்லை. மருதாளும் வரவில்லை. தையல் மிஷினில் பாதி உறை போட்டுக் கிடந்தது. வெட்டிய துணி கட்டுக் கட்டாகத் தைக்க ஆளில்லாமல் கிடக்க, மாசி பத்துக்கு இன்னும் மூன்று வாரமே இருந்தது. வேறு தையல்காரர்களைத் தேடி ஆள் விட்டுப் பார்த்தார். சீசன் நேரத்தில் எவன் வருவான்? அதற்குள் விஷயமும் ஊருக்குள் பரவியிருந்தது. மாமன் சீரைத் தாண்டிய முதலாளியா என்று கேட்டுவிட்டு, தெரிந்தவர்கள்கூட நழுவினார்கள்.

ஆர்டர் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால் அதைவிடப் பெரிய பயம் அவருக்கு வேறு ஒன்று. அந்த ஒன்பது பேரும் எதிர்க் கம்பெனிக்குப் போய்விட்டால்? ஆர்டர் போனால் அடுத்த வருஷம் பிடிக்கலாம். தினமும் காலையில் சன்னலைத் திறந்தால் பதினாலு சைக்கிளுக்குப் பதிலாக இருபத்திமூன்று சைக்கிள் நின்றால், அதை எந்தக் கண்ணால் பார்ப்பது?

திங்கட்கிழமை எண்ணினார், பதினாலு. செவ்வாய்க்கிழமை காலையில் எண்ணினார், பதினைந்து. பதினைந்தாவது சைக்கிளின் கேரியரில் கட்டியிருந்த பச்சைக் கயிறு ஆறுச்சாமியுடையது. அரை மணி நேரம் அது அங்கே நின்றது. பிறகு ஆறுச்சாமி வெளியே வந்து, இந்தப் பக்கம் திரும்பாமல் ஏறிப் போனான். பேசி முடித்துவிட்டார்கள், நாளைக்கே எல்லாரும் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று செங்கோட்டையன் முடிவு செய்தார். அன்றைக்கு மதியம் குழந்தையம்மாள் கொண்டுவந்த சோறு அப்படியே திரும்பிப் போனது.

"போயி ஆறுச்சாமி ஊட்டுலயே கேளுங்க" என்றாள் அவள்.

"என்னன்னு கேக்கறது?"

"என்ன செய்யோணும்னு கேளுங்க. கேக்கறதுக்கு என்னங்க காசா பணமா?"

அந்த வேலுமணி இப்போது என் இடத்தில் இருந்தால் என்ன செய்வான் என்று யோசித்தார். அந்த யோசனையே வேப்பங்காயாகக் கசந்தது, ஆனாலும் யோசித்தார். அவன் கார் வைத்துக்கொண்டு போக மாட்டான். ஆள் விட்டுக் கூப்பிட மாட்டான். தானே போவான், சைக்கிளில். போய் முதலில் வாயை மூடிக்கொண்டு நிற்பான். எட்டு வருஷம் ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தால் இவ்வளவு தெரியாமலா போகும்? புதன்கிழமை விடிந்ததும் செங்கோட்டையன் சைக்கிளை எடுத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறோம் என்ற நினைப்பெல்லாம் இல்லை. வேலுமணியை முந்திவிட வேண்டும் என்ற ஒரே வேகத்தில்தான் நெருப்பெரிச்சல் வரைக்கும் மிதித்தார்.

ஆறுச்சாமி எருமைக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தான். "வாங்க" என்றான். பரம எதிரி வந்தாலும் அந்த ஊரில் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஒரு சொம்புத் தண்ணீரும் வந்தது. கட்டிலைப் போடவில்லை.

செங்கோட்டையன் தண்ணீரைக் குடித்துவிட்டு நின்றார். கத்துவதற்குப் பழகிய தொண்டைக்கு மெதுவாகப் பேச வழி தெரியவில்லை. கடைசியில், "ஆறுச்சாமி, நான் பண்ணினது தப்பு. இப்ப என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. நீயே சொல்லு" என்றார்.

"நாஞ் சொல்லறதுக்கு ஒண்ணுமில்லீங்க. என்ற அக்காளக் கேளுங்க."

மருதாள் பக்கத்து வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். கேட்பதற்கு முன்னாலேயே அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "எங்க மொதலாளி வரோணும்னுதானுங்க மொதல்ல உங்களுக்குத் தட்டு வெச்சேன். உங்களுக்கு வெச்சுப்போட்டுத்தான் எதிர்க் கம்பெனிக்கு வெச்சேன். எத்தன தட்டு எடுத்துட்டு வரட்டும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனுங்களே! பொறந்தவன் அஞ்சு மாசமா வாயக் கட்டிச் சேத்துனானுங்க. அவன அந்த வெயில்ல நிறுத்திப்போட்டு உங்க காரு தாண்டிப் போச்சுங்களே!"

முதலில் உங்களுக்குத்தான் வைத்தேன் என்று அவள் சொன்னது செங்கோட்டையனுக்குச் சுருக்கென்று குத்தியது. அவள் தட்டோடு வந்து நின்ற அந்த ஒரு நிமிஷத்தை அவர் கட்டு முடிந்ததா என்று கேட்டுத் தீர்த்திருந்தார். சன்னல் வழியாகப் பார்த்தது மட்டும்தான் மனசில் நின்றது.

"மறுபடியும் நாள் பாரு அம்மிணி. ஆறுச்சாமி சீர் மின்னால வரட்டும். கடசித் தட்டை நான் தூக்கிட்டு வர்றேன்" என்றார்.

ஆறுச்சாமி தீவனக் கூடையைக் கீழே வைத்தான். "நீங்க தூக்கறதுங்களா? ஊரு பாக்குமுங்க."

"போன ஞாயித்துக்கெழமையும் ஊரு பாத்துச்சு. பாக்கட்டும்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருதாள் விரலை விட்டு நாள் எண்ணி, "வெள்ளிக்கெழம நல்ல நாளுதானுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை பேண்டும் இல்லை, காரும் இல்லை. அதே ஐந்து தட்டு. நாலைப் பெண்கள் ஏந்தினார்கள். ஐந்தாவது, அரிசியும் வெல்லமும் வைத்த தட்டு, செங்கோட்டையனின் கையில் இருந்தது. ஊர்ச் சாவடியில் மேளக்காரர் மேளத் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்ததால் சற்று நிற்க வேண்டியிருந்தது. ஜனங்கள் வாசலுக்கு வாசல் வந்து நின்று பார்த்தார்கள். அவர் முகம் செம்பருத்தியாய்ச் சிவந்திருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு இறுமாப்பும் இருந்தது. முந்திவிட்டேன், வேலுமணி கையில் விழுமுன் ஒன்பது பேரையும் மீட்டுவிட்டேன், அதுவும் நானாகவே என்ற இறுமாப்பு. அது இருந்த தைரியத்தில்தான் வாயைத் திறந்தார்.

"ஆறுச்சாமி, செவ்வாக்கெழம உன்ற சைக்கிளு எதிர்க் கம்பெனியில நின்னுதே?"

"ஆமாங்க. வேலை கேக்கத்தானுங்க போனேன். ஒம்போது பேரும் ஒட்டுக்கா வர்றோமுன்னு சொன்னேன்." ஆறுச்சாமி ஒளிக்கவில்லை. "அவரு சேத்துக்கலீங்க."

"என்னது?"

"உங்க மொதலாளி வருவாரு, ரெண்டு நாள் பொறுங்கன்னுட்டாருங்க. அவரெங்கீங்க வரப்போறாருன்னு கேட்டேன். அதுக்கு அவரு..." ஆறுச்சாமி சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினான். "எட்டு வருசமா சன்னல்ல என்னையவே பாத்துட்டு இருக்கற மனுசன், அவருக்குத் தெரியும், வந்துருவாருன்னாருங்க."

மேளம் அடிக்கத் தொடங்கியது. ஆறுச்சாமி முன்னால் நடந்தான். செங்கோட்டையனின் கால்கள் தாமாக நடந்தன. தட்டில் இருந்த வெல்லத்தின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்ததை விரட்டக்கூடக் கை இல்லை. அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! சன்னல், நாற்காலி, போண்டா, ரேடியோ, எல்லாம். தெரிந்தும் எட்டு வருஷமாக ஒரு நாள்கூடச் சன்னலைச் சாத்தவில்லை. தான் மீட்டதாக நினைத்த ஒன்பது பேரும் அவர் விட்டுக் கொடுத்த ஒன்பது பேர். அடிவயிற்றில் இருந்து நெஞ்சு வரைக்கும் எரிந்தது. தட்டைப் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் தெரு பார்த்துக்கொண்டிருந்தது, ஆறுச்சாமி தலை நிமிர்ந்து முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவர் தட்டை இறக்காமல் கோயில் வரைக்கும் நடந்தார்.

ஆறுச்சாமி மடியில் பிள்ளை உட்கார்ந்தது. ஆசாரி ஊசி போட்டதும் வீல் என்று கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள். மருதாளும் சிரித்தாள், பல் வரிசையாகத் தெரிய.

பந்தியில் தையல்காரர்கள் செங்கோட்டையனை நடுவில் இழுத்து உட்கார வைத்தார்கள். "நாளைக்கு ஏழு மணிக்கே வந்துர்றோமுங்க, கல்கத்தாச் சரக்கு நாளுக்குள்ள போயிருமுங்க" என்று ஒருவன் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னான். அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் அதற்குப் பிறகு எழுபத்தொன்பது வரைக்கும் அவரிடமே இருந்தார்கள். அன்றைக்கு அது அவருக்குத் தெரியாது. பக்கத்து இலையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது.

வேலுமணி ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். கேட்கக் கூடாது என்று எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் செங்கோட்டையனால் முடியவில்லை.

"ஏனுங்க, நான் வருவேன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

வேலுமணி அந்த ஒல்லிக் குரலில் சிரித்தார். "தெரியாதுங்க. ரெண்டு நாள் போனா அந்தப் பசங்களுக்குக் கோவம் ஆறும்னு சும்மா சொல்லி வெச்சேன். நீங்க தட்டத் தூக்குவீங்கன்னு நான் கனாவுலயும் நெனைக்கலீங்க." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நெசத்தச் சொல்லட்டுங்களா? நானா இருந்தா வந்திருக்க மாட்டனுங்க. இத்தன சனத்துக்கு மின்னால எனக்கு மனசு வராதுங்க" என்றார்.

செங்கோட்டையன் சோற்றில் கை வைத்தபடி அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். எட்டு வருஷம் பார்த்த முகம். மெய்யாகத்தான் சொல்கிறாரா, இல்லை தனக்கு மனசு ஆறட்டும் என்று சொல்கிறாரா என்று தேடித் தேடிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. மெய் என்றால், இந்த ஒரு விஷயத்தில் தான் அவரைத் தாண்டிவிட்டோம். பொய் என்றால், இவ்வளவு பேர் நடுவில் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிற ஒருவனை ஒரே வார்த்தையில் நிமிர்த்தி உட்கார வைக்க இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. அது தனக்குத் தெரியவில்லையே என்று மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்தது.

"இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று பரிமாறுகிறவனிடம் சொன்னார். ஊற்றி முடிப்பதற்குள், நானா இருந்தா வந்திருக்க மாட்டனுங்க என்ற அந்த வார்த்தையை, அதே ஒல்லிக் குரலில், மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொண்டார்.